வெயிலுக்கு உடம்பு பழக எத்தனை நாள்?



சென்ற ஆண்டு சித்திரையில் நமது கபர்ஸ்தான் சுற்றுச்சுவர் வேலை நடந்தபோது ஒரு தம்பி மயங்கி விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி ஊரில் பல பேச்சு எழுந்தது. இந்த இதழின் அறிவியல் பாடத்தை அந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன். அன்று நடந்த பிழையில் பெரும்பங்கு என்னுடையது.

தம்பிக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் ஒரு செல்போன் கடையில் ஐந்து வருடம் ஏசியில் வேலை பார்த்தவர். கடையை மூடிவிட்டதால் ஊர் திரும்பி, சும்மா இருக்க மனமில்லாமல் சித்தாள் வேலைக்கு வந்தார். முதல் நாள் மதியமே, "தலை கிறுகிறுங்குது பாய்" என்றார். நான்தான் சொன்னேன்: "இந்த மண்ணுல பிறந்த பிள்ளை நீ. நம்ம ஊரு வெயில் உன்னை என்ன செய்யும்?" மறுநாள் லுஹருக்குப் பின், இரண்டரை மணி இருக்கும். கலவைச் சட்டியோடு நின்றவர் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். வாந்தி எடுத்தார். அப்படியே சரிந்தார்.

இடம் கபர்ஸ்தான் என்பதால் சிலர் வேறு காரணம் பேசினார்கள். வலிப்பு என்று நினைத்து ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். எங்கள் கொத்தனார் அறுபதைத் தாண்டியவர். அவர் ஒன்றும் பேசவில்லை. பையனை வேப்பமர நிழலுக்கு இழுத்து வந்து, சட்டையைக் கழற்றி, சுவர் நனைக்க வைத்திருந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றினார். வெறும் சிமெண்ட் சாக்கை மடித்து 108 வண்டி வரும் வரை விசிறிக்கொண்டே இருந்தார். மருத்துவமனையில் ஹீட் ஸ்ட்ரோக் என்றார்கள். மூன்று நாள் படுக்கையில் இருந்து பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

அதன் பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. அதே வெயில், அதே வேலை. அறுபது வயதுக்காரர் நிற்கிறார், இருபத்தாறு வயதுக்காரர் விழுகிறார். கல்லூரியில் விலங்கியல் படித்தவன் நான். எனக்கே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். பழைய பாடங்களைத் தூசி தட்டி எடுத்துப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், சூடு ஓர் உயிரை உள்ளே என்ன செய்கிறது? முட்டையை வேக வைத்தால் வெள்ளைக் கரு கெட்டியாகிறது. மறுபடி அதைத் தண்ணீர் போல ஆக்க முடியாது. முட்டையில் உள்ள புரதங்கள் தம் மடிப்பு பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதுதான் அந்தக் கெட்டி. நம் உடம்பின் ஒவ்வொரு அணுவறையிலும் வேலை செய்வது இதே இனத்தைச் சேர்ந்த புரதங்களே. மனித உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். அது 40ஐத் தாண்டினால் மூளை தடுமாறத் தொடங்குகிறது. அதிக நேரம் அப்படியே நீடித்தால் ஈரல், சிறுநீரகம் எல்லாம் கெடும். வேகும் சூட்டுக்கும் நமக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் சாதாரண நாளுக்கும் ஆபத்துக்கும் நடுவே மூன்று டிகிரிதான்.

ஆனால் உயிர் வகைகள் கைகட்டி நிற்பதில்லை. 1962இல் இத்தாலியைச் சேர்ந்த ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற ஆய்வாளர் ஒரு செய்தியை வெளியிட்டார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்கள் வைத்திருந்த பெட்டியின் சூட்டை யாரோ தற்செயலாகக் கூட்டிவிட்டிருந்தார்கள். அந்த ஈக்களின் மரபிழைகளை உருப்பெருக்கியில் பார்த்தபோது, வழக்கத்துக்கு மாறான இடங்களில் புடைப்புகள் தெரிந்தன. சூடு பட்டதும் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டு வேலை செய்கின்றன என்பது அதன் பொருள். அவை உண்டாக்கும் பொருளுக்குப் பின்னாளில் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர் வந்தது. பாக்டீரியாவிலிருந்து நெற்பயிர், மாடு, மனிதன் வரை அனேகமாக எல்லா உயிர்களிடமும் இவை உண்டு.

இவற்றின் வேலையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. ஸ்பின்னிங் மில்லில் நூல் அறுந்ததும் ஓடிப்போய் ஒட்டிவிடுபவர் இருக்கிறார். அவர் ஒரு நிமிடம் அசந்தால் அறுந்த இழை பக்கத்து இழையில் சிக்கி எல்லாம் பாழாகும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் அப்படித்தான். மடிப்பு பிரிந்த புரதத்தைத் தாங்கிப் பிடித்து, பக்கத்தில் உள்ளதோடு சிக்கவிடாமல், திரும்ப மடித்து விடுகின்றன. ஆள் போதுமான அளவு இருந்தால் மில் ஓடும். திடீரென எல்லா நூலும் ஒன்றாக அறுந்தால் எத்தனை ஆள் இருந்தும் பயனில்லை.

இந்த ஆட்களை முன்கூட்டியே வேலைக்கு அமர்த்தும் ஓர் உயிர் இருக்கிறது. சகாரா பாலைவனத்தில் வெள்ளி எறும்பு என்று ஒன்று. நண்பகலில், பல்லிகள் கூட நிழலுக்கு ஓடிய பிறகு, சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து வெயிலில் செத்துக்கிடக்கும் பூச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிவிடும். உடம்பு 50 டிகிரியைத் தாண்டினாலும் தாங்கும். அதன் வெள்ளி முடிகள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. அதைவிட முக்கியம், சூட்டில் மாட்டிய பிறகு அது புரதத்தைத் தயாரிப்பதில்லை. புற்றை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தயாரித்து வைத்துக்கொள்கிறது. படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தம்பியை நான் ஒரு தயாரிப்பும் இல்லாமல் வெயிலில் இறக்கியிருந்தேன்.

நம்மைச் சுற்றியே பாருங்கள். உச்சி வெயிலில் வாழைத் தோட்டத்துக்குப் போனால், இலையின் இரு பாதிகளும் நடு நரம்பை ஒட்டிக் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். வெயில் படும் பரப்பைக் குறைக்கும் வழி அது. உடைமரத்துக்கு இலை சின்னஞ்சிறியது. சிறிய இலை தன் சூட்டைக் காற்றுக்குச் சீக்கிரம் கொடுத்துவிடும், பெரிய இலை அவ்வளவு வேகமாகக் கொடுக்காது. சப்பாத்திக் கள்ளி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் மூச்சு விடுகிறது. நெல் நல்ல தாங்குதிறன் உள்ள பயிர்தான், ஆனால் பூக்கும் நேரத்தில் மட்டும் பலவீனம். பூ விரியும் அந்த ஒரு மணி நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டு, மணி பிடிக்காமல் பதராகும். ஒரே உயிருக்குள்ளும் எல்லா நேரமும் ஒரே தாங்குதிறன் கிடையாது என்பதை இதில் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருவேன்.

வீட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்கு மற்றொன்று தெரியும். சித்திரை, வைகாசியில் ஜெர்சி கலப்பு மாடு இரை குறைத்து, வாயைத் திறந்து இளைத்து, பாலையும் குறைக்கும். நாட்டு மாடு அதே கொட்டிலில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். நாட்டு மாட்டின் தோலில் வேர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோல் தளர்ந்து தொங்குகிறது, முடி குட்டை. எருமைக்கு வேர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு, நிறமும் கறுப்பு. அதனால்தான் அது குட்டையைத் தேடுகிறது. குளத்தைத் தூர்த்துவிட்டு எருமை வளர்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை. நமது ராஜபாளையம் நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. மேற்கே மலையடிவாரத்தில், 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் அமைக்கக் காரணமான அந்தச் சாம்பல் நிற மலை அணில், காலையிலும் சாயங்காலமும் இரை தேடிவிட்டு உச்சிப் பொழுதில் கிளையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். எந்த விலங்கும் மதியம் இரண்டு மணிக்குக் கலவை சுமப்பதில்லை.

மனிதனுக்கு வருவோம். சூட்டைத் தாங்கும் விஷயத்தில் நமக்குக் கிடைத்த பெரும் அருட்கொடை வேர்வை. உடம்பு முழுவதும் இவ்வளவு வேர்க்கும் உயிரினங்கள் மிகச் சில. ஒரு லிட்டர் வேர்வை தோலிலிருந்து ஆவியாகிப் போகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆவியாக வேண்டும், அதுதான் முக்கியம். சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்த வேர்வையால் உடம்பு குளிர்வதில்லை.

இந்த வேர்வை இயந்திரம் பழகப் பழகத் திறமையாகும். ஒருவர் தினமும் இரண்டு மணி நேரமாவது வெயிலில் உடலுழைப்பு செய்தால், முதல் சில நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் இதயம் முன்பு போல் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த வாரத்தில் வேர்வை சீக்கிரமே தொடங்கி, அதிகமாக வருகிறது. அதில் போகும் உப்பு குறைகிறது. ஆரம்ப நாட்களில் சட்டையில் வெள்ளையாகப் பூத்த உப்புத் தடம் பிறகு மங்குவதைத் தொழிலாளர்கள் கவனித்திருப்பார்கள். அணுவறைகளில் முன்சொன்ன புரதங்களும் கூடுகின்றன. இது முழுமையாக நடந்து முடிய ஏழு முதல் பதினான்கு நாள் ஆகும். வெயிலை விட்டு விலகி ஒரு மாதம் இருந்தால் பெரும்பகுதி கரைந்துபோகும்.

ஆக, கொத்தனார் நின்றதற்கும் தம்பி விழுந்ததற்கும் வயதோ, பிறந்த மண்ணோ காரணமில்லை. கொத்தனார் மாசி, பங்குனி முழுவதும் வெயிலில் நின்றவர். வெயில் ஏற ஏற அவர் உடம்பும் ஏறி வந்திருக்கிறது. தம்பியின் உடம்போ ஐந்து வருட ஏசியிலிருந்து நேராகச் சித்திரைக்கு வந்தது. "இந்த மண்ணுல பிறந்த பிள்ளை" என்று நான் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் ஏற்படும் சாவுகளில் பாதிக்கு மேல் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றன என்று எச்சரிக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் பல சாவுகளைப் பார்த்த பிறகுதான், புதிய தொழிலாளரை முதலில் சூட்டுக்குப் பழக்கிப் பிறகு உள்ளே இறக்கும் வழக்கம் வந்தது. அங்கே உயிர்களைக் கொடுத்து வாங்கிய பாடம் அது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். "பழகிட்டா தண்ணி தேவைப்படாது" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். நேர்மாறு. பழகிய உடம்பு அதிகம் வேர்க்கிறது, ஆகவே அதிகம் தண்ணீர் கேட்கிறது. கடும் உழைப்பில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேர்க்கலாம். தண்ணீர் இல்லாமல் பழகிக்கொள்ள உடம்புக்கு வழியே கிடையாது. ஒட்டகம் இருக்கிறதே என்பீர்கள். ஒட்டகத்தின் வழி வேறு. தண்ணீர் கிடைக்காதபோது அது தன் உடம்புச் சூட்டைப் பகலில் 41 டிகிரி வரை ஏறவிட்டு, வேர்க்காமல் தாக்குப்பிடித்து, இரவுக் குளிரில் 34 வரை இறக்கிக்கொள்ளும். அந்தத் தம்பிக்கும் சூடு ஏறத்தான் செய்தது. அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

2019இல் ரமளான் மே மாதம் வந்து, கத்திரி வெயிலும் நோன்பும் சேர்ந்தே போயின. இப்போது நோன்பு குளிர்காலத்தை நோக்கி நகர்வதால் அந்தச் சிரமம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் நோன்பில் வெயில் வேலை செய்பவர்கள் ஸஹருக்குப் பின் கனமான வேலையை முடித்து, லுஹருக்குப் பின் நிழல் வேலைக்கு மாறிக்கொள்வது நல்லது. இஃப்தாரில் நோன்புக் கஞ்சி தண்ணீரையும் உப்பையும் சேர்த்தே தருகிறது. மற்ற நாட்களில் நீராகாரமும் உப்பிட்ட மோரும் அதே வேலையைச் செய்யும்.

அடுத்தது எல்லை. பழக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதை நிர்ணயிப்பது காற்றிலுள்ள ஈரம். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றுப்பட வைத்துப் பார்க்கும் அளவை ஈரக்குமிழ் வெப்பம் என்பார்கள். நனைந்த உடம்பு எந்த அளவுக்குக் குளிர முடியும் என்று அது காட்டும். அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் நிர்வாணமாகப் படுத்திருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்தில் சாக நேரிடும் என்று 2010இல் கணக்கிட்டார்கள். பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் ஏறத்தாழ 31 டிகிரியிலேயே உடம்பு கட்டுப்பாட்டை இழப்பது தெரிந்தது.

நமக்கு இது எப்படிப் பொருந்தும்? நம் ஊரில் கோடைக்காற்று பொதுவாக உலர்ந்தது. 38 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பம் 24தான். அதே 38 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தால் அது 33. அந்த ஈரம் எங்கே இருக்கும்? மில்லுக்குள்ளும் தறிக்கூடத்துக்குள்ளும். பருத்தி நூல் உலர்காற்றில் பட்பட்டென்று அறும். அதனால் காற்றில் ஈரத்தைக் கூட்டுகிறார்கள், ஜன்னலை மூடுகிறார்கள். நூலுக்கு ஈரக்காற்று வேண்டும், நூலை ஓட்டுபவரின் உடம்புக்கு உலர்காற்று வேண்டும். இரண்டில் முதலாளி எதைப் பார்ப்பார் என்று சொல்லத் தேவையில்லை. குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. வெளியே வெயிலில் நிற்பவரைப் பார்த்துப் பரிதாபப்படும் நாம், நிழலில் வேலை செய்பவர் சுகமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். தகரக் கூரைக்கு அடியில் நைட்டி தைக்கும் நம் சகோதரிகளின் நிலையும் இதுதான். துணி பறக்கிறது என்று மின்விசிறியை அணைத்துவிட்டுத் தைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இது வெறும் அசௌகரியம் என்று தள்ளிவிட முடியாது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதும், ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகம் பலவீனமடைந்திருப்பதும் தெரிந்தது. அதே குழு 800 கர்ப்பிணிகளையும் ஆராய்ந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து மற்றவர்களைப் போல் இரு மடங்கு. நெற்பூவைப் பற்றிச் சொன்னது இதற்காகத்தான். தாய் தாங்கிக்கொள்ளும் சூட்டை வயிற்றிலிருக்கும் பிள்ளை தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. மாமியார்கள் இந்த வரியை மருமகளுக்குப் படித்துக்காட்டுவதை விட, தாங்களே படித்துக்கொண்டால் போதும்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். 2024 ஜூனில் மக்கா ஹரம் ஷரீஃபில் 51.8 டிகிரி பதிவானது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்தார்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதியின்றி வந்தவர்கள். தங்க இடமும் நிழலும் இல்லாமல் நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். குறுக்கு வழி காட்டும் ஏஜெண்டுகளை நம்புவோர் இந்த எண்ணை மனதில் வையுங்கள். முறையாகப் போகிறவர்களும், பயணத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்து தினமும் நடந்து பழக வேண்டும். முதலில் அஸருக்குப் பின், பிறகு நேரத்தை மெல்ல முன்னே நகர்த்தி. இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை போடுபவர்கள் இதைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது, தாகம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

கொத்தனார் செய்த முதலுதவியும் ஹஜ்ஜோடு தொடர்புள்ளதுதான். 1980 வாக்கில் கோகலி, வீனர் என்ற இருவர் ஹாஜிகளுக்காகவே ஒரு குளிரூட்டும் கட்டிலை உருவாக்கினார்கள். நோயாளியை வலைக்கட்டிலில் கிடத்தி, உடம்பெங்கும் நுண்ணிய நீர்த்துளியைத் தெளித்து, மேலே காற்றை வீசுவார்கள். வேர்வை செய்யும் வேலையை வெளியிலிருந்து செய்வது. தண்ணீரும் சிமெண்ட் சாக்கும் வைத்து அவர் செய்தது அதே வைத்தியம். அவருக்கு இதைச் சொன்னேன். "எங்கப்பா செய்வாரு பாய்" என்று மட்டும் சொன்னார்.

வெயிலில் இருப்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேர்த்துக்கொண்டிருந்தாலும் அதுவாக இருக்கலாம். 108ஐக் கூப்பிட்டுவிட்டு உடனே நனைத்து விசிற வேண்டும். சுயநினைவு இல்லாதவர் வாயில் தண்ணீரோ மாத்திரையோ விடக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். கையில் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை.

நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 வரை நேரடி வெயிலில் வேலைக்குத் தடை இருக்கிறது. நம் மாநிலத்தில் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அரசாணை வந்தது. வேலை நேரத்தை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

டிரஸ்ட் வேலைகளுக்கு நிர்வாகக் குழுவில் முடிவு செய்தது இது: பங்குனி முதல் ஆனி வரை காலை ஆறிலிருந்து பதினொன்று, சாயங்காலம் நாலிலிருந்து ஆறரை. புதிதாக வருபவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, ஐந்தாம் நாள் முழு வேலை. வெயில் வேலை தெரிந்து, இடையில் விட்டுத் திரும்பி வருபவருக்கு முதல் நாள் பாதி, நான்காம் நாள் முழுமை. கூலி முதல் நாளிலிருந்தே முழுக்கூலி. இதற்கு ஆகும் கூடுதல் செலவு பற்றிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்த மூன்று நாள் ஆஸ்பத்திரிச் செலவுச் சீட்டைக் காட்டினேன்.

சுவர் வேலை இன்னும் வடக்குப் பக்கம் நாற்பது அடி பாக்கி. அந்தத் தம்பி மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் சம்மதித்தால் அடுத்த வாரம் தொடங்குவார், இன்ஷா அல்லாஹ், புதியவர் கணக்கில். ஓஆர்எஸ் பாக்கெட் டிரஸ்ட் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது.